பஞ்சு மில்லுக்கு நெட்வொர்க் சுவிட்ச் வாங்குகிறீர்களா? பவர் சப்ளையைக் கேட்டு வாங்குங்கள்!

வணக்கம் நண்பர்களே! கோவைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் இருந்து இப்போதுதான் வருகிறேன். ரிங் பிரேம், அதாவது நூல் நூற்கிற மெஷின் ஓடுகிற இடத்தில், மெஷின்களை நெட்வொர்க்கில் இணைக்க பேனலுக்குள் ஆபீஸ் சுவிட்சை மாட்டி வைத்திருக்கிறார்கள். ஃபேன் முழுக்கப் பஞ்சு! விரலால் இழுத்தால் விளக்குத் திரி மாதிரி வருகிறது. ஃபேன் சுற்றாமல் சூடேறி, மெஷின் டேட்டா அடிக்கடி நின்றுபோகிறது. பஞ்சு பறக்கிற இடத்தில் ஃபேன் வைத்த சுவிட்ச் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, பழைய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆபீஸ் சுவிட்ச் பெரும்பாலும் 40, 50 டிகிரி வரைக்கும்தான். இண்டஸ்ட்ரியலில் மைனஸ் 40 முதல் 75 டிகிரி வரை தாங்குகிற மாடல் கிடைக்கும். ஃபேன் கிடையாது, மெட்டல் பாடியே சூட்டை வெளியே தள்ளிவிடும். அதைத்தான் மாட்டினோம்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். அவ்வளவு காசு கொடுத்து வாங்கிய பெட்டியைத் திறந்தால் பவர் சப்ளை இல்லை! பச்சை டெர்மினல் பிளாக் மட்டும் இருக்கிறது. இந்த ரகம் பெரும்பாலும் அப்படித்தான் வரும், 24 வோல்ட் டிசி தருகிற எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை, தனியாக வாங்க வேண்டும். எனக்குத் தெரியும், மில்காரருக்கு எப்படித் தெரியும்? கொட்டேஷனில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? அதுவும் ஒன்று போதாது. சுவிட்சில் இரண்டு பவர் இன்புட் இருக்கிறது, ஒன்று போனாலும் இன்னொன்றில் ஓடுவதற்குத்தான். இரண்டுக்கும் ஒரே எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து ஒயர் இழுத்தால் என்ன பிரயோஜனம்? இரண்டு வாங்குங்கள், தனித்தனி எம்சிபி (ஓவர்லோடு ஆனால் ட்ரிப் ஆகிற பிரேக்கர்) போடுங்கள். பல எஸ்எம்பிஎஸ் 50, 60 டிகிரிக்கு மேல் முழு லோடு தராது, டேட்டாஷீட்டில் அதையும் பாருங்கள்.

அப்புறம், ஃபைபர் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. காப்பர் கேபிள் 100 மீட்டர்தான், மோட்டார் டிரைவ் பேனல் பக்கம் சிக்னலைக் கெடுக்கிற எலெக்ட்ரிக்கல் நாய்ஸ் வேறு. அதனால் ஃபைபர் இழுத்தோம். அதற்கு சுவிட்சில் செருகுகிற எஸ்எஃப்பி மாட்யூலும் இண்டஸ்ட்ரியலாக இருக்கட்டும், சாதாரணமானது 70 டிகிரியோடு சரி.

தூசி, தண்ணீர் பாதுகாப்பைச் சொல்கிற ஐபி ரேட்டிங்கில் ஐபி30 என்று போட்டிருந்தால் தண்ணீர் படலாம் என்று நினைக்காதீர்கள். அந்த 0-க்கு அர்த்தமே தண்ணீருக்குப் பாதுகாப்பு இல்லை என்பதுதான். காற்றில் ஈரம் ஏற்றுகிற ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் பக்கம் என்றால் ஐபி67 சுவிட்ச், திருகி மாட்டுகிற எம்12 கனெக்டர் வாங்குங்கள்.

கடைசியாக, சப்ளை போனால் சிக்னல் தருகிற சுவிட்சின் அலாரம் ரிலேயை ஹூட்டரில் (சைரனில்) இணைத்துவிட்டு ஒரு சப்ளையை ஆஃப் செய்தேன். ஹூட்டர் அலறியது, சூப்பர்வைசர் அண்ணன் ஓடி வந்தார். லிங்க் லைட் ஒன்றுகூட அணையவில்லை!