பேச்சு கேட்கிறது, படம் கறுப்பு: எந்தக் கோடெக்கில் ஏற்றுவது?

வணக்கம். ஆரி எம்பிராய்டரி வகுப்பு நடத்தும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பாடங்களைப் போனில் 1080பி தரத்தில் எடுத்து, எம்பி4 கோப்புகளாகத் தன் சொந்த வலைத்தளத்தில் ஏற்றியிருக்கிறாராம். சில மாணவிகளுக்குப் பேச்சு கேட்கிறது, படம் மட்டும் கறுப்பு. வேறு சிலருக்கு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வெகுநேரம் கழித்துத்தான் பாடம் தொடங்குகிறது. “எம்பி4 எல்லாவற்றிலும் ஓடும் என்றார்களே? எச்.265, ஏவி1 என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதற்கு மாற்றுவது? 30 பாடங்களையும் மறுபடி எடுக்க வேண்டுமா?” என்று கேட்கிறார்.

மறுபடி எடுக்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நிம்மதியாகக் கேளுங்கள்.

நம் வீட்டுச் சமையலறையில் ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்தால் உள்ளே ஹார்லிக்ஸ் இருக்கும் என்று யாராவது நம்புகிறோமா? கடுகு இருக்கும், மிளகாய்த்தூள் இருக்கும். எம்பி4, எம்கேவி, வெப்எம் எல்லாம் பாட்டில்கள்தான். உள்ளே இருக்கும் சரக்கைத் தீர்மானிப்பது கோடெக், அதாவது படத்தைச் சுருக்கி, பிறகு விரிக்கும் முறை. எம்பி4க்குள் எச்.264 இருக்கலாம், எச்.265 இருக்கலாம், ஏவி1கூட இருக்கலாம். வெளியே பெயர் ஒன்றுதான்.

சுருக்காமல் அனுப்ப முடியாதா என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு படத்தில் 1920 × 1080 புள்ளிகள், புள்ளிக்கு 3 பைட், நொடிக்கு 25 படங்கள். ஒரு நொடிக்கே சுமார் 155 மெகாபைட். இதை 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 5 மெகாபிட், 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட்) அளவுக்குக் கொண்டுவந்தால் நொடிக்கு 0.6 மெகாபைட்தான் மிஞ்சுகிறது. ஏறத்தாழ 250இல் ஒரு பங்கு. இவ்வளவு இறுக்கிக் கட்டிய மூட்டையை அவிழ்க்க, பார்ப்பவருடைய போனுக்கும் பிரவுசருக்கும் அந்தக் கட்டு தெரிந்திருக்க வேண்டும்.

கறுப்புப் படத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். உங்கள் கோப்பில் ஒலி ஏஏசி முறையில் இருக்கும். அதை எல்லாப் போனும் வாசிக்கும். படம் எச்.265இல் பதிவாகியிருக்கும், அதை விரிக்கத் தெரியாத பிரவுசர் பேச்சை மட்டும் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறது. ஐபோன்களில் 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து எச்.265 புகுந்துவிட்டது. இடம் மிச்சமாகும் என்ற பெயரில் பல ஆண்ட்ராய்டு போன்களின் கேமரா அமைப்பிலும் இது இருக்கிறது. சந்தேகம் தீர, கோப்பைக் கணினியில் விஎல்சி பிளேயரில் திறந்து, ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘கோடெக் இன்ஃபர்மேஷன்’ பாருங்கள். எச்264 என்றோ ஹெச்இவிசி என்றோ எழுதியிருக்கும். ஹெச்இவிசி என்றால் அது எச்.265தான், ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்.

அடுத்தது அந்தச் சுற்றும் வட்டம். எம்பி4 கோப்புக்குள் ஒரு பொருளடக்கம் உண்டு. எந்த நொடிக்கான படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு. பதிவு முடிந்த பிறகுதான் அதை எழுத முடியும் என்பதால் கேமரா அதைக் கோப்பின் கடைசியில் வைத்துவிடுகிறது. பொருளடக்கம் கைக்கு வராமல் பிரவுசரால் முதல் பக்கத்தைக்கூடப் படிக்க முடியாது. சர்வர் சரியாக அமைந்திருந்தால் பிரவுசர் கடைசிப் பகுதியை மட்டும் தனியே கேட்டு வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் முழுக் கோப்பும் இறங்கும்வரை வட்டம்தான். பொருளடக்கத்தை முன்னால் நகர்த்தினால் தீர்ந்தது. வீடியோவை வேறு கோடெக்குக்கு மாற்றித்தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் ‘வெப் ஆப்டிமைஸ்டு’ என்ற கட்டத்தில் டிக் செய்வது இதற்காகத்தான். நானே பல மாதம் அதைக் கவனிக்காமல், இணைய வேகத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எதற்கு மாற்றுவது? எச்.264, எம்பி4, ஏஏசி ஒலி. 2003இல் வந்த பழைய முறை என்று முகம் சுளிக்காதீர்கள். மாணவியின் கையில் இருக்கும் பழைய போன்வரைக்கும் ஓடுவது அதுதான். 2013இல் வந்த எச்.265 ஏறத்தாழ பாதி அளவில் அதே தரத்தைத் தரும், உண்மைதான். ஆனால் அதன் காப்புரிமைக் கட்டணத்தை வசூலிக்க ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டமைப்புகள் கிளம்பியதால் பிரவுசர்காரர்கள் நெடுநாள் ஒதுங்கியே நின்றார்கள். அந்த எரிச்சலில்தான் கூகுள், நெட்ஃபிளிக்ஸ், மொசில்லா போன்றவர்கள் சேர்ந்து, கட்டணமில்லாத ஏவி1ஐ 2018இல் கொண்டுவந்தார்கள். நல்ல கோடெக். ஆனால் சுருக்க நேரம் பிடிக்கும், அதற்கான சிப் இல்லாத போனில் பேட்டரியைத் தின்னும். கோடிக்கணக்கான பேருக்கு அனுப்புகிறவர்களுக்குக் கோப்பு அளவில் கிடைக்கும் மிச்சம் பெரிய பணம். உங்களுக்கு அந்தத் தலைவலி எதற்கு?

தரத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கேமரா ஸ்டாண்டில் அசையாமல் நிற்கிறது, ஆரிச் சட்டமும் அசைவதில்லை. முந்தைய படத்திலிருந்து மாறியதை மட்டுமே கோடெக் பெரும்பாலும் எழுதும் என்பதால் உங்கள் பாடம் எளிதில் சுருங்கும். ஆனால் ஊசி நுனி சங்கிலித் தையலை இழுக்கும் இடமும், கை அசையும்போதெல்லாம் மினுக்கும் ஜரிகையும் சமிக்கியும் வேறு கதை. பிட்ரேட், அதாவது ஒரு நொடிப் படத்துக்குச் செலவிடும் தரவு, குறைந்தால் நூல் இழைகள் குழைந்து ஒரே பட்டையாகிவிடும். மாணவி எதைப் பார்த்துப் போடுவாள்? ஹேண்ட்பிரேக்கில் தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் எண்ணை 20 வைத்து, ஜரிகை வரும் ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெரிதாகும். நொடிக்கு 25 அல்லது 30 படம் போதும், 60 வேண்டாம். ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்’ தேர்ந்தெடுங்கள். நொடிக்கு எத்தனை படம் என்பதைப் போன்கள் ஏற்ற இறக்கமாகப் பதிவு செய்வதால் சில நேரம் பேச்சும் கையும் பொருந்தாமல் போகும்.

சிக்னல் குறைந்த இடத்தில் இருப்பவர்களுக்கு 480பியில் இன்னொரு பிரதி வைக்கலாம். வேகத்துக்கேற்பத் தானே மாறிக்கொள்ள வேண்டுமென்றால் எச்எல்எஸ் முறை. பாடத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, பல தரங்களில் வைப்பது. தனியாளாக அதைக் கட்டி மேய்ப்பது சிரமம், வீடியோ சேவை எதிலாவது ஏற்றினால் அவர்களே செய்துவிடுவார்கள். யூடியூபில் ஏற்றுவதானால் 1080பிக்கு அவர்கள் பரிந்துரைப்பது 8 எம்பிபிஎஸ். அவர்கள் மறுபடி சுருக்குவார்கள், அதனால் தாராளமாகவே கொடுங்கள்.

ஏற்கெனவே எச்.264ஆக இருக்கும் பாடங்களை மறுபடி சுருக்காதீர்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளைக் கொண்டு பொருளடக்கத்தை மட்டும் முன்னால் நகர்த்தலாம், சில நொடி வேலை, தரம் துளியும் குறையாது. எச்.265இல் இருப்பதை மட்டும் மாற்றுங்கள், மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள். முதல் பாடம் தயாரானதும், படம் கறுப்பாக வந்தது என்று சொன்ன அதே மாணவியை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மீதி 29ஐ அதற்குப் பிறகு தொடலாம்.