நாணயம் அச்சாகும் அந்தக் கடைசி மில்லிமீட்டர்

[திரையில்: நாணயத்தின் விளிம்பு, மிக அருகில்]

ஒரு நாணயத்தை எடுத்து அதன் விளிம்பை நகத்தால் வருடிப் பாருங்கள். வரிவரியாக இருந்தால், அதை யாரும் அறுத்து எடுக்கவில்லை. நாணயத்தின் இரண்டு முகங்களும் பதிந்த அதே அழுத்தத்தில்தான் அந்த வரிகளும் விழுந்தன. அதுவும் உலோகத்தைச் சூடுபடுத்தாமல்.

சின்னக் கணக்கு ஒன்று. 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள நாணயத்தின் பரப்பு சுமார் 491 சதுர மில்லிமீட்டர். உருவம் கூர்மையாகப் பதிய ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 73 டன்னைத் தாண்டுகிறது. ஒற்றை நாணயத்துக்கு!

[திரையில்: சுழலும் ஃப்ளைவீல்]

அப்படியானால் நாணயம் அச்சடிக்கும் இயந்திரத்தின், அதாவது பிரஸ்ஸின், மோட்டார் ராட்சதமாக இருக்க வேண்டுமே? தேவையில்லை. ஒரு சுற்றில் பிரஸ் உண்மையாக அழுத்தும் நேரம் கொஞ்சம்தான். மீதி நேரமெல்லாம் மோட்டார் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தைச் சுழற்றி அதில் ஆற்றலைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். அழுத்தும்போது அந்தச் சேமிப்பு ஒரேயடியாகச் செலவாகி, வீலின் வேகம் சற்றுக் குறையும். அடுத்த அழுத்தத்துக்குள் மோட்டார் அதைச் சரிக்கட்டிவிடும்.

ஆற்றல் கிடைத்துவிட்டது, சரி. விசை?

சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்காருங்கள். காலை லேசாக மடக்கி, எதிரே இருக்கும் கனமான பெட்டியில் பாதத்தை வையுங்கள். இப்போது முட்டியைக் கையால் கீழே அமுக்குங்கள். கால் நேராக ஆக, பெட்டி நகரும். நக்கிள் ஜாயின்ட் பிரஸ்ஸில் இருப்பதும் இப்படி ஒரு முட்டிதான். சுழலும் கிராங்க் தண்டு அந்த மூட்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. மூட்டின் இரு பக்கத் தண்டுகளும் நேர்கோட்டை நெருங்கும்போது, மூட்டு நிறைய நகர்ந்தாலும், மேலும் கீழும் நகர்ந்து அழுத்தும் பாகமான ஸ்லைடு மயிரிழை அளவுதான் இறங்கும். தூரத்தை விட்டுக்கொடுத்து விசையை வாங்குகிறோம். ஸ்லைடு இறங்கும் கடைசி இடமான கீழ்முனையில் வேகம் தணிவதால் உலோகம் பள்ளங்களுக்குள் நகர அவகாசமும் கிடைக்கிறது. ஜெர்மனியில் டீட்ரிச் ஊல்ஹோர்ன் 1817-ல் இந்த வகை நாணய பிரஸ்ஸை உருவாக்கினார். இன்றைய இயந்திரங்கள் நிமிடத்துக்கு 700 நாணயங்களையும் தாண்டுகின்றன.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரஸ்ஸில் "100 டன்" என்று எழுதியிருந்தால், அது கீழ்முனைக்குச் சற்று மேலே, சில மில்லிமீட்டருக்குள் மட்டும் கிடைக்கும் விசை. ஸ்லைடு இறங்கும் தூரத்தின், அதாவது ஸ்ட்ரோக்கின், நடுவில் அவ்வளவு கிடைக்காது. பிரஸ் தேர்ந்தெடுப்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

[திரையில்: டைகளுக்கும் காலருக்கும் நடுவே பிளாங்க், குறுக்குவெட்டுத் தோற்றம்]

இப்போது உள்ளே போவோம். உருவம் செதுக்கிய அச்சுக்கு டை என்று பெயர். மேலே ஒரு டை, கீழே ஒரு டை, சுற்றிலும் காலர் என்ற வளையம். நடுவில், முன்கூட்டியே சூடாக்கி (அனீல் செய்து) மென்மையாக்கிய வெற்று உலோக வில்லை, அதாவது பிளாங்க். அழுத்தம் ஏறியதும் உலோகம் பக்கவாட்டில் ஓடப் பார்க்கும், காலர் விடாது. வேறு வழியில்லாமல் எழுத்துகளின் பள்ளங்களுக்குள் ஏறும், காலரின் வரிகளுக்குள் பிதுங்கும். கூர்மையான மூலைகள் நிரம்புவது கடைசியில்தான். விசை கிடுகிடுவென்று உயர்வதும் அப்போதுதான்.

பள்ளத்தில் ஒரு சொட்டு எண்ணெய் தங்கினால் போதும். அது தப்பிக்க வழியில்லை, அமுங்கவும் மாட்டேன் என்கும். அந்த இடத்தில் எழுத்து மழுங்கிவிடும்.

அதைவிட மோசம், தவறிப்போய் இரண்டு பிளாங்க் ஒன்றாக விழுவது. பிரஸ்ஸைத் தாங்கும் உடற்கூடான சட்டம் ரப்பர் போல நீண்டு, திரும்பவும் சுருங்க முயன்று, ஸ்லைடைக் கீழ்முனையில் கவ்விக்கொள்ளும். மோட்டாரால் அதைப் பின்னால் திருப்ப முடியாது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் (ஹைட்ராலிக்) பாதுகாப்பு உள்ள பிரஸ்ஸில் எண்ணெயை வெளியேற்றினால் பிடி தளர்ந்துவிடும். அது இல்லாத பழைய இயந்திரங்களில், சட்டத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் நீண்ட இரும்புத் தண்டுகளைச் சூடேற்றி நீளவைத்துத்தான் ஸ்லைடை விடுவிப்பார்கள்.