ஒரு கையெழுத்து, ரெண்டு நாடு: ஜப்பான் சட்டத்துல இரட்டைக் குடியுரிமை

[திரையில்: ஜப்பானிய மொழியில் அச்சடித்த ஒரு படிவம். கேமரா மெதுவாக நெருங்குகிறது.]

வணக்கம். இந்தப் படிவத்தைப் பாருங்க. பேரு, பிறந்த தேதி, முகவரி, கையில இருக்கிற இன்னொரு குடியுரிமை எந்த நாட்டோடது, இதெல்லாம் நாம எழுதணும். ஆனா முக்கியமான வரியை நாம எழுத வேண்டியதில்ல. அது ஏற்கெனவே அச்சாகியிருக்கு: "ஜப்பான் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கிறேன், வெளிநாட்டுக் குடியுரிமையைக் கைவிடுகிறேன்." கீழ கையெழுத்துப் போட்டா போதும்.

அம்மா ஒரு நாடு, அப்பா ஒரு நாடுன்னு பிறந்த ஒரு பிள்ளைக்கு, இது யாரை விடுறதுன்னு கேட்கிற மாதிரிதான் இருக்கும்.

டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகாவை எடுத்துக்குங்க. பிறந்தது ஒசாகா நகரத்துல. அம்மா ஜப்பான், அப்பா ஹைட்டி. மூணு வயசுல அமெரிக்கா போய், அங்கேயே வளர்ந்தவங்க. 2019 அக்டோபர்ல, 22 வயசு ஆக சில நாள் இருக்கும்போது, ஜப்பான் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கிறதுக்கான வேலையைத் தொடங்கினாங்க. 2021ல டோக்கியோ ஒலிம்பிக் தீபத்தை ஏத்தினது அவங்கதான்.

ரெண்டு குடியுரிமை உள்ளவங்க ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும்னு ஜப்பான் சட்டம் சொல்லுது; அதுக்கு அப்போ கெடு 22 வயசு. 2022 ஏப்ரல் 1லிருந்து ஜப்பான்ல மேஜர் ஆகுற வயசு 20லிருந்து 18 ஆயிடுச்சு. கெடுவும் கூடவே இறங்கிடுச்சு. 18 வயசுக்கு முன்னாடியே ரெண்டு குடியுரிமை இருந்தா, 20 வயசுக்குள்ள தேர்ந்தெடுக்கணும். 18க்கு அப்புறம் வந்திருந்தா, வந்ததுலிருந்து ரெண்டு வருஷம்.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சாதான் இதோட குணம் புரியும்.

[திரையில்: ஒகினாவா தீவின் வரைபடம்]

1984 வரைக்கும் ஜப்பான்ல குடியுரிமை அப்பா வழியா மட்டும்தான். இதனால ரொம்ப அடிபட்டது ஒகினாவா. அமெரிக்க ராணுவ முகாம்கள் நிறைஞ்ச தீவு அது. அங்க ஜப்பானிய அம்மாவுக்கும் அமெரிக்க வீரருக்கும் பிறந்த சில குழந்தைங்களுக்கு, அப்பா அமெரிக்காவுல இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கணும்னு அமெரிக்கச் சட்டம் கேட்கிற கணக்கு நிறைவேறாததால அமெரிக்கக் குடியுரிமையும் கிடைக்கல. அம்மாவோட மண்ணுல, அம்மா மடியில வளர்ற பிள்ளை, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பிள்ளை.

பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கிற ஐநா ஒப்பந்தத்துல ஜப்பான் 1980ல கையெழுத்துப் போட்டிருந்தது. அதை உறுதி செய்யணும்னா இந்தச் சட்டத்தை மாத்தியே ஆகணும். மாத்தினாங்க. 1985 ஜனவரி 1லிருந்து அம்மா வழியாவும் குடியுரிமை வந்தது. அப்போ இரட்டைக் குடியுரிமை உள்ளவங்க பெருகிடுவாங்களேன்னு, அதே திருத்தத்துலதான் இந்த "தேர்ந்தெடு"ங்கிற விதியையும் சேர்த்தாங்க. அம்மாவுக்கு உரிமை கொடுத்த அதே நாள்ல, பிள்ளைக்குக் கெடு வெச்சாங்க. எனக்கு இது இன்னைக்கும் மனசை உறுத்துது.

சரி, கெடு தாண்டிப் போச்சு, கையெழுத்துப் போடல. என்ன ஆகும்? தானாக எதுவும் பறிபோகாது. சட்ட அமைச்சர் எழுத்துமூலமா நோட்டீஸ் அனுப்பலாம். அது வந்து ஒரு மாசத்துக்குள்ள தேர்ந்தெடுக்கலைன்னாதான் ஜப்பான் குடியுரிமை போகும். அந்த நோட்டீஸை இதுவரைக்கும் யாருக்கும் அனுப்பினதில்லைன்னு அரசாங்கமே நாடாளுமன்றத்துல சொல்லியிருக்கு.

கையெழுத்துப் போட்டாலும் இன்னொரு குடியுரிமை உடனே போயிடாது. அதை எடுக்க வேண்டியது அந்த நாட்டுச் சட்டம். விட்டு விலக "முயற்சி செய்யணும்"னுதான் ஜப்பான் சட்டத்தோட 16வது பிரிவு சொல்லுது.

இதையெல்லாம் கேட்டா தளர்வான சட்டம்னு தோணும். 11வது பிரிவைப் படிங்க, அங்க துளிகூட இளக்கம் இல்ல. ஜப்பான்காரர் ஒருத்தர் தானே விண்ணப்பிச்சு வேற நாட்டுக் குடியுரிமை வாங்கினா, அந்த நொடியே ஜப்பான் குடியுரிமை போயிடும். நோட்டீஸ் கிடையாது. கையில பழைய பாஸ்போர்ட் இருக்கும், கொசெகிங்கிற குடும்பப் பதிவேட்டுல பேரும் இருக்கும். ஆனா சட்டப்படி அவர் வெளிநாட்டுக்காரர். 2021ல இயற்பியல் நோபல் வாங்கின சுகுரோ மனாபே ஜப்பான்ல பிறந்து அமெரிக்கக் குடிமகன் ஆனவர். ஜப்பானே கொண்டாடிச்சு, ஆனா சட்டத்துக்கு அவர் அமெரிக்கர்.

சுவிட்சர்லாந்து மாதிரி ஐரோப்பிய நாடுகள்ல வாழுற எட்டுப் பேர், இந்தப் பிரிவு அரசியல் சாசனத்துக்கு விரோதம்னு 2018ல வழக்குப் போட்டாங்க. 2021ல டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி பண்ணிச்சு. 2023 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றமும் கதவைச் சாத்திடுச்சு. பிழைப்புக்காக ஒரு நாட்டுல முப்பது வருஷம் இருந்தவர், அங்க ஓட்டுப் போட ஆசைப்பட்டா, பெத்தவங்க மண்ணுக்கே வெளிநாட்டுக்காரராத்தான் போகணும். இது நியாயம்னு எனக்குப் படல.

இப்போ நம்ம வீட்டுக் கதை.

[திரையில்: சென்னை. பிறப்புப் பதிவுப் படிவம், ஒரு வரி மட்டும் வட்டமிட்டு.]

டோக்கியோ நிஷிகசாய்ல இருக்கிற ஒரு தமிழ்த் தம்பதிக்கு அங்கேயே குழந்தை பிறந்தா, ஜப்பான் குடியுரிமை கிடைக்காது. மண்ணைப் பார்க்க மாட்டாங்க, ரத்த உறவைத்தான் பார்ப்பாங்க. குழந்தைக்குத் தங்கும் அனுமதி கேட்டு 30 நாளுக்குள்ள விண்ணப்பிக்கணும், அதை மறந்துடாதீங்க.

ஆனா அப்பா தமிழர், அம்மா ஜப்பானியர், குழந்தை பிறந்தது சென்னைன்னு வெச்சுக்குங்க. இங்கதான் 12வது பிரிவு வருது. வெளிநாட்டுல பிறந்து, பிறப்பாலேயே அந்த நாட்டுக் குடியுரிமையும் வர்ற குழந்தைக்கு, பிறந்து மூணு மாசத்துக்குள்ள ஜப்பான் தூதரகத்துல பதியணும். பதியும்போது "ஜப்பான் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்கிறேன்"ங்கிற வரிக்கும் கையெழுத்துப் போடணும். இதைத்தான் அங்க "ரியூஹோ"ன்னு சொல்றாங்க. விட்டுட்டா, பிறந்த நாள்லிருந்தே அந்தக் குழந்தை ஜப்பான் குடிமகளா இருந்ததே இல்லைன்னு ஆயிடும். பிலிப்பைன்ஸ்ல பிறந்த பிள்ளைங்க இதை எதிர்த்துப் போய், 2015ல உச்ச நீதிமன்றத்துல தோத்தாங்க. 18 வயசுக்குள்ள ஜப்பான்ல குடியிருந்தா திரும்ப வாங்க ஒரு வழி இருக்கு, ஆனா அங்க போய் வாழணுமே.

இந்தியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏத்துக்கிறதில்ல, அதனால எந்த பாஸ்போர்ட் எடுக்கிறதுன்னு முன்னாடியே ஒரு வக்கீல்கிட்ட கேட்டுக்குங்க. வெளிநாட்டுக் குடிமக்களா இருக்கிற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கிற ஓசிஐ அட்டைங்கிறது குடியுரிமை கிடையாது, அது தனி.

பிள்ளை பிறந்த வீட்டுல தூக்கம் இருக்காது, தேதி ஞாபகம் இருக்காது. அதனால ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்னைக்கே, தடுப்பூசி அட்டவணைக்குப் பக்கத்துல இந்த மூணு மாசக் கெடுவையும் எழுதி ஒட்டி வையுங்க. சென்னையிலேயே ஜப்பான் துணைத் தூதரகம் இருக்கு.