நோட்டீஸ் காலாவதியாக இரண்டே நாள்: ஊரடங்கில் எங்கள் பதிவுத் திருமணம்

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர் அல்சூர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன். சோமேஸ்வரர் கோயில் பக்கமிருந்து நடுநடுவே மணிச் சத்தம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதோ, இதுதான் எங்கள் கல்யாண சர்டிபிகேட். பெயரையும் முகவரியையும் விரலால் மறைத்திருக்கிறேன். தேதியை மட்டும் பாருங்கள், 16 ஜூன் 2021. இன்னும் இரண்டு மூன்று நாள் தள்ளியிருந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்திருப்போம். அது ஏன் என்று சொல்லத்தான் இந்த வீடியோ. எங்களுக்கு அதை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை.

நான் இந்து. என் கணவர் கிறிஸ்தவர், தங்கவயல்காரர். யாரும் மதம் மாறுவதாக இல்லை. இந்துத் திருமணச் சட்டத்தில் பதிய வேண்டுமானால் இரண்டு பேரும் இந்துவாக இருக்க வேண்டும். அதனால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போனோம்.

நியூயார்க்கில் இருக்கும் என் தோழி "லைசென்ஸ் வாங்கியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நம் ஊரில் கல்யாணத்துக்கு லைசென்ஸ் கிடையாது, நோட்டீஸ்தான். நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்று திருமண அலுவலரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். அந்த நோட்டீஸை அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டுவார்கள். அவருடைய நிரந்தர முகவரி கோலார் மாவட்டம் என்பதால் ஒரு பிரதி அங்கேயும் போனது. 30 நாளில் யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால்தான் கல்யாணம்.

எங்கள் பெயர், வயது, முகவரி எல்லாம் ஒரு மாதம் சுவரில் தொங்குவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. வீட்டுக்கே தேடி வந்து மிரட்டியதாக எத்தனை ஜோடிகள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்த ஜனவரியில்தான் அலகாபாத் உயர் நீதிமன்றம், ஜோடி கேட்டால் மட்டும் நோட்டீஸை வெளியிட்டால் போதும் என்று தீர்ப்பு சொல்லியிருந்தது. அதை அலுவலகத்தில் சொல்லிப் பார்த்தேன். அது உத்தரப் பிரதேசத்துக்கு, இங்கே ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றார்கள்.

நோட்டீஸ் கொடுத்தது மார்ச் 18. ஏப்ரல் 28 புதன்கிழமைக்கு நேரம் வாங்கினோம். புடவை இஸ்திரி போட்டு மாட்டியாகிவிட்டது. 27ஆம் தேதி இரவு 9 மணிக்கு கர்நாடகம் முழுக்க அடைத்துவிட்டார்கள். பஸ் இல்லை, மெட்ரோ இல்லை, நாங்கள் போக வேண்டிய அலுவலகமும் பூட்டு. மண்டபத்தில் 50 பேரோடு கல்யாணம் செய்ய அனுமதி உண்டு. நாங்களோ சாட்சிகளோடு சேர்த்து ஐந்தே பேர், எங்களுக்கு வழி இல்லை. அந்த இரவு நான் அழுதேன். ஆனால் தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் ஓயாத நாட்கள் அவை. நம் அழுகையை யாரிடம் போய்ச் சொல்வது?

அதற்குள் இன்னொன்று. சாட்சிகளில் ஒருவர் என் தாய்மாமா. அந்த வாரமே அவருக்குக் காய்ச்சல், அப்புறம் ஆக்ஸிஜன் படுக்கை. கல்யாணத்தைப் பற்றி மூன்று வாரம் யாரும் பேசவில்லை. மாமா மே கடைசியில் வீட்டுக்கு வந்தார். நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும்.

அப்போதுதான் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். பிரிவு 14. நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று காலண்டர் மாதத்துக்குள் கல்யாணம் முடியாவிட்டால் அந்த நோட்டீஸ் செல்லாது. புதிதாக எழுதி, புதிதாக ஒட்டி, இன்னொரு 30 நாள் காத்திருக்க வேண்டும். ஊரடங்கு நாளைக் கழித்துக்கொள்ள அந்தப் பிரிவில் ஒரு வரி கூட இல்லை. மார்ச் 18 என்றால் ஜூன் 18. காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். ஊரடங்கோ மே 24, ஜூன் 7, ஜூன் 14 என்று நீண்டுகொண்டே போனது.

ஜூன் 14 திங்கட்கிழமை பெங்களூரில் தளர்வு. காலையிலிருந்து போன் அடித்து, மத்தியானம் ஒருவர் எடுத்தார். மார்ச் 18 நோட்டீஸ் என்றதும் "அய்யோ, புதன்கிழமையே வந்துவிடுங்கள்" என்றார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும். "மூரு ஜன சாக்ஷி பேக்கு" என்று கன்னடத்தில் இரண்டு தடவை சொன்னார். மூன்று சாட்சி, நேரில், ஆதாரோடு. பேனா அவரவர் கொண்டுவர வேண்டும், தொற்றுக்காக.

ஆட்டோவில் இரண்டு பேருக்கு மேல் ஏற்றக் கூடாது என்பதால் மூன்று ஆட்டோ. மாமா வர வேண்டாம் என்றோம், கேட்கவில்லை. அலுவலகம் முதல் மாடி, படி ஏற முடியாது. மாமா கீழே ஆட்டோவிலேயே உட்கார்ந்துகொண்டார். அவர் இடத்தில் கீழ் வீட்டு அக்கா சாட்சியாக வந்தார். காலையில் எட்டு மணிக்குக் கேட்டோம், பத்து மணிக்குச் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார்.

மேலே ஐந்து நிமிட வேலை. சானிடைசர் ஈரத்தில் கைரேகை இயந்திரம் என் கட்டை விரலைப் பிடிக்கவே இல்லை, துப்பட்டாவில் துடைத்துத் துடைத்து வைத்தேன். போட்டோவுக்காக ஒரு நிமிடம் மாஸ்க்கை இறக்கினோம். உறுதிமொழியைப் புரிகிற மொழியில் சொல்லலாம் என்று சட்டமே சொல்கிறது. தமிழில் சொன்னோம்: "உங்களை என் சட்டப்படியான கணவராக ஏற்கிறேன்." மாஸ்க்குக்குள் குரல் அடங்கிப்போனது, அலுவலர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். நான் இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

தோழி ஊரில் 2020 ஏப்ரலிலேயே, வீடியோ அழைப்பில் லைசென்ஸ் வாங்கிக் கல்யாணமும் செய்ய கவர்னர் ஆணை போட்டுவிட்டார். இங்கே அது ஒவ்வொரு நீதிமன்றமாக வந்தது. 2021 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், வெளிநாட்டில் இருந்த தம்பதியின் கல்யாணத்தை வீடியோ மூலம் பதியலாம் என்றது. 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கன்னியாகுமரிப் பெண்ணுக்கும் அமெரிக்கா திரும்பிவிட்ட மாப்பிள்ளைக்கும் இதே சிறப்புச் சட்டத்தில் வீடியோ வழியாகக் கல்யாணம் நடத்தச் சொன்னது. ஆனால் இவர்கள் எல்லாரும் வழக்குப் போட்டுத்தான் வாங்கினார்கள். நீங்கள் நோட்டீஸ் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் 30ஆம் நாள் எது, மூன்று மாதம் முடிவது எது என்று அன்றைக்கே குறித்து வையுங்கள். 30 முடிந்த மறுநாளே போங்கள், நல்ல நாள் பார்த்துத் தள்ளாதீர்கள். நாங்கள் தள்ளினோம். ஏப்ரல் 19 திங்கட்கிழமையே போயிருக்கலாம்.

இந்தக் கையெழுத்துகளைப் பாருங்கள், கிட்டே காட்டுகிறேன். எல்லாம் ஒரே கருநீல மை. ஏப்ரலில் சாட்சிக் கையெழுத்துக்கென்றே மாமா ஒரு மைப் பேனா வாங்கி வைத்திருந்தார். ஆட்டோவிலிருந்து அதை என் கையில் கொடுத்து அனுப்பினார். நாங்கள் இரண்டு பேர், சாட்சிகள் மூன்று பேர், ஒவ்வொரு தடவையும் துடைத்துத் துடைத்து அதிலேயே போட்டோம். கீழே இறங்கி வந்ததும் மாமா முதலில் கேட்டது, "பேனா எழுதுச்சா?"