ஐம்பதுக்கு ஒன்று

நடுவர் ஐயா அவர்களுக்கும், இந்தப் புழுக்கத்திலும் நோட்டீஸால் விசிறிக்கொண்டு இருக்கும் திருகோணமலைச் சபையோருக்கும் வணக்கம்.

"பின்தங்கிய கிராமத்துப் பெடியனைக் கரைசேர்ப்பது ஏட்டுப் படிப்பா, தொழிற்பயிற்சியா?" இதுதான் இன்றைய பட்டிமன்றத் தலைப்பு. நான் தொழிற்பயிற்சி அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்து இலவசக் கல்விதான் நம்மை மனிதராக்கியது என்றார். உண்மைதான். அது இல்லாவிட்டால் நான் இந்த மைக்கைப் பிடித்திருக்க மாட்டேன். ஆனால் சாதாரண தரப் பரீட்சை (சா/த) முடிவு வந்த மறுநாள் யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று நண்பர் சொல்லவில்லை. ஆறு பாடம் சித்தி, அதில் மூன்று 'சீ' தரம் இருந்தால் உயர்தர (ஏ.எல்.) வகுப்பு. இல்லாதவன் அடுத்த கிழமை யாரோ ஒருவரின் மீன் வாடியில் வலை இழுக்கிறான். அவனைத் தேடி டியூசன் மாஸ்டர்கூட வருவதில்லை.

சம்பூர்ப் பக்கத்துப் பெடியன் ஒருவனைச் சொல்கிறேன். 2006 இல் போரால் சனம் ஊரைவிட்டு ஓடியபோது அவனுக்கு ஆறு வயது. அலைந்து அலைந்து கடைசியில் கிளிவெட்டி முகாம். சம்பூருக்குச் சனம் திரும்பத் தொடங்கியது 2015 இல். படிக்கவேண்டிய வயதெல்லாம் தகரக் கொட்டிலோடு போயிற்று. கணக்குப் பாடத்தை இரண்டு தரம் எழுதியும் கோட்டைவிட்டான்.

போன மாதம் கொட்டியாரக் கரையில் அவனைக் கண்டேன். போட் எஞ்சினைக் கழற்றிச் சாக்கில் பரப்பியிருந்தான். ஸ்பார்க் பிளக்கின் கரியைச் சுரண்டிவிட்டு, முனை இடைவெளிக்குள் மெல்லிய தகட்டைச் செருகி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். "சீரோ தசம் ஆறுதான் இருக்கவேணும் அண்ணை, இது கூடிப்போச்சு" என்றான். அப்புறம் எஞ்சினுக்கான எரிபொருளில் ஒயில் கலந்தான். ஐம்பதுக்கு ஒன்று, 25 லீற்றருக்கு அரை லீற்றர். கையில் பேப்பரும் இல்லை, போனும் இல்லை. ஐயா, பரீட்சையில் அவனுக்கு வராமல் போன தசமமும் விகிதமும் இவைதானே? ஒயில் குறைந்தால் பிஸ்டன் இறுகும், நாலு உயிர் நடுக்கடலில் நிற்கும். அந்தப் பயம் எந்த வாத்தியாரின் பிரம்புக்கும் கிடையாது.

"அதைக் கராஜில் நின்றே பழகலாமே, பயிற்சி நிலையம் எதற்கு?" என்று கேட்பீர்கள். நின்றான், நாலு வருடம். ஸ்பானர் எடுத்துக் கொடுத்தான். சம்பளம் மத்தியானச் சோறும் முதலாளியின் மனமும். பிறகுதான் ஒரு நிலையத்தில் சேர்ந்து தேசிய தொழிற்தகைமையில் நான்காம் மட்டம் எடுத்தான். நம் ஆட்கள் 'என்.வி.கியூ. நாலு' என்பார்களே, அதுதான். இனி யாரும் அவனைக் 'கையுதவிப் பெடியன்' என்று கூப்பிட்டு அரைச் சம்பளத்தோடு அனுப்ப முடியாது. இந்தத் தகைமையில் மொத்தம் ஏழு மட்டம். நாலுக்கு மேலே டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். தொழிற்கல்விக்கென்றே ரத்மலானையில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. முன்கதவைச் சாத்திய படிப்பு, பட்டறைப் பக்கத்தால் அவனை உள்ளே விடுகிறது. அதனால் எங்கள் அணியைப் படிப்புக்கு எதிரி என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

எங்கள் பக்கத்து ஓட்டையையும் நானே சொல்லிவிடுகிறேன். பயிற்சி இலவசம் என்று மேடையில் முழங்குவோம். ஈச்சிலம்பற்றிலிருந்து டவுனுக்குத் தினம் வந்துபோகும் பஸ் காசை வாயே திறக்கமாட்டோம். பயிற்சி நாளெல்லாம் அவனுக்குக் கூலியும் இல்லை. அந்தக் கூலியில்தான் வீட்டில் அரிசி. பாதியில் நிற்பவனைச் சோம்பேறி என்கிற அதிகாரிகள் ஒரு மாதம் அந்த வீட்டுச் செலவைப் பார்க்கவேண்டும். உதவிப்பணமும் தங்க ஒரு கட்டிலும் கொடுக்காமல் பயிற்சி நிலையத்தை மட்டும் திறந்து வைத்தால், அங்கே கதிரைகள்தான் பயிற்சி பெறும்.

எதிரணித் தலைவி ஒன்று கேட்டு நல்ல கைதட்டல் வாங்கினார்: "உங்கள் மகனைப் பட்டறைக்கு அனுப்புவீர்களா?" சரி, சொல்கிறேன். என் மகனுக்கு டவுனில் பெரிய பள்ளிக்கூடம், மூன்று டியூசன், வீட்டில் இரண்டு சம்பளம். அவன் இந்தத் தலைப்புக்குள்ளேயே வரமாட்டான். ஆனாலும் அவன் விரும்பினால் அனுப்புவேன். இதை அவன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார், என்னையே பார்க்கிறார்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. மிச்ச வாதம் வீட்டில். நன்றி, வணக்கம்.