வீட்டுப் பாதுகாப்புக்குக் கைத்துப்பாக்கி: நம்பி வைக்கலாமான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

[திரையில்: மேசை மேல ஒரு ரிவால்வர், ஒரு பிஸ்டல். ரெண்டும் காலி, ரெண்டும் திறந்த நிலைல]

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்கு எந்த துப்பாக்கி நல்லதுன்னு யார்கிட்ட கேட்டாலும் டக்குனு ஒரு கம்பெனி பேரைத்தான் சொல்லுவாங்க, அதை வாங்கு கண்ணை மூடிக்கிட்டு வாங்குன்னு. ஆனா நடு ராத்திரில அது ஒழுங்கா வேலை செய்யுமாங்கறது கம்பெனியை மட்டும் வச்சு சொல்ற விஷயம் இல்ல. துப்பாக்கி, தோட்டாக்களை அடுக்கி வைக்கிற மேகசின், உள்ள போடற தோட்டா, பிடிக்கிற கை, இந்த நாலும் ஒத்துப்போகணும். இதுல ஒண்ணு சொதப்பினாலும் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் ஜாம்தான். லைசென்ஸ் விதி, எப்போ சுடலாம் எப்போ சுடக்கூடாதுங்கறது நாட்டுக்கு நாடு மாறும், அதை முதல்ல தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் வந்து இந்த வீடியோவைப் பாருங்க.

சரி, ரிவால்வரா பிஸ்டலா? ரிவால்வர்ல தோட்டா சுத்தற உருளைக்குள்ள இருக்கும், மேகசினே கிடையாது, பிஸ்டல் மேல முன்னும் பின்னும் ஓடற ஸ்லைடும் கிடையாது. ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 10 இருக்கே, அதோட பரம்பரை 1899ல ஆரம்பிக்குது, இதுவரைக்கும் 60 லட்சத்துக்கு மேல செஞ்சிருக்காங்க. ஒரு தோட்டா வெடிக்கலையா, இன்னொரு தடவை ட்ரிகரை இழுத்தா உருளை சுத்தி அடுத்த தோட்டா வந்துரும், அவ்வளவுதான். இதனாலதான் "ரிவால்வர் ஜாமே ஆகாது"ன்னு ஒரு பேச்சு ஊர் முழுக்க ஓடிட்டு இருக்கு. அது உண்மை இல்லைங்க. காலி கூடுகளை வெளிய தள்ற நட்சத்திர வடிவ தகடு இருக்கு பாருங்க, அதுக்கு அடியில எரியாத வெடிமருந்துத் துகள் கொஞ்சம் சிக்கினாலே போதும், உருளை இறுகிப்போய் சுத்தவே சுத்தாது. ரொம்ப லேசான ரிவால்வர்ல பலமான தோட்டா போட்டு சுட்டா, அந்த உதைப்புல பக்கத்து அறைல இருக்கற தோட்டாவோட ஈயக் குண்டு மெல்ல முன்னாடி நகர்ந்து வந்து முட்டிக்கும், அப்பவும் உருளை நின்னுரும். பிஸ்டல் ஜாம் ஆச்சுன்னா பழகின ஆள் ரெண்டு மூணு செகண்ட்ல சரி பண்ணிடுவார், ரிவால்வர் இறுகிடுச்சுன்னா பல நேரம் கருவி எடுத்து உக்கார வேண்டிய வேலை. அதுவும் இல்லாம ஹேமரை (பின்னாடி இருக்கற சின்ன சுத்தியல்) இழுத்து வைக்காம நேரா சுட்டா ட்ரிகருக்கு கிட்டத்தட்ட 5 கிலோ இழுப்பு வேணும், பயத்துல கை நடுங்கறப்போ அதை நேரா இழுக்கறது சாதாரண விஷயம் இல்ல. ஆறு தோட்டா, அதுக்கப்புறம் திருப்பி நிரப்பணும்.

என்னைக் கேட்டா, பயிற்சிக்கு நேரம் ஒதுக்க முடியும்னா பிஸ்டல்தான். 1982ல ஆஸ்திரிய ராணுவம் க்ளாக் 17ஐ எடுத்துக்கிட்டது, அதை உருவாக்கின காஸ்டன் க்ளாக் அதுக்கு முன்னாடி துப்பாக்கியே செஞ்சதில்ல, உள்ள வேலை செய்யற பாகங்கள் ரொம்பக் கம்மி, உடம்பு பிளாஸ்டிக், 17 தோட்டா கொள்ளும். க்ளாக் 19 அதை விட கொஞ்சம் சின்னது, 15 தோட்டா. க்ளாக்தான் வேணும்னு இல்ல, ஸ்மித் அண்ட் வெசன் எம் அண்ட் பி, வால்தர் பிடிபி, சிஸட் பி-10, இல்ல உலோக உடம்போட கனமா வேணும்னா பெரெட்டா 92, இதெல்லாம் போலீஸ் ராணுவம்னு பல பேர் கைல அடிபட்டு வந்த டிசைன்கள். நான் பார்க்கறது ஒண்ணுதான், பல வருஷமா பல பேர் உபயோகிச்சு அதுல இருந்த கோளாறெல்லாம் வெளிய வந்து சரியாயிருக்கணும். நேத்து வந்த மாடலுக்கு ஒரு வருஷமாவது டைம் கொடுங்க. ஏன் சொல்றேன்னா, சிக் சாவர் பி320 அமெரிக்க ராணுவ டெண்டரை ஜெயிச்சது 2017 ஜனவரில, அதே வருஷம் ஆகஸ்ட்ல கீழ விழுந்தா வெடிக்க வாய்ப்பிருக்குன்னு தெரிஞ்சு பொதுமக்களுக்கு வித்த துப்பாக்கிகளுக்கு கம்பெனியே இலவசமா பாகம் மாத்தித் தர்றதா அறிவிச்சது. பெரிய பேர் இருந்தாலும் இந்த மாதிரி நடக்கும்.

[திரையில்: சின்ன பாக்கெட் பிஸ்டலும் முழு சைஸ் பிஸ்டலும் பக்கத்துல பக்கத்துல]

இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. வீட்டுல வைக்கப்போற துப்பாக்கியை யாரும் சட்டைக்குள்ள மறைக்கப்போறதில்ல, அப்புறம் எதுக்கு உள்ளங்கை சைஸ்ல ஒண்ணு? சின்னதுல ஸ்லைடு போய் வர்ற தூரம் கம்மி, அதனால ஸ்பிரிங் விறைப்பா இருக்கும், தோட்டா மேல வர்றதுக்கு கிடைக்கிற நேரமும் கம்மி, ஏதாவது கொஞ்சம் பிசகினாலும் மாட்டிக்கும். உதைப்பும் நேரா மணிக்கட்டுக்கு வரும். முழு சைஸ் எடுங்க, இல்ல அதுக்கு ஒரு படி கீழ, அதுக்குக் கீழ போகாதீங்க.

தோட்டா விஷயத்துல சண்டை போட ஆரம்பிச்சா விடிஞ்சிரும். சுருக்கமா சொல்றேன். 1986ல அமெரிக்காவுல மியாமில நடந்த ஒரு துப்பாக்கிச் சண்டைல அந்த நாட்டு புலனாய்வுத் துறையான எஃப்பிஐயோட ரெண்டு ஆட்கள் இறந்தாங்க, 9 எம்எம் தோட்டா (குண்டோட விட்டத்தை வச்சு வர்ற பேர்) போதலைன்னு முடிவு பண்ணி 10 எம்எம், அப்புறம் .40 (இது இன்ச் கணக்கு)ன்னு போனாங்க, கடைசில 2010கள்ல திரும்பவும் 9 எம்எம்முக்கே வந்துட்டாங்க. இடைப்பட்ட காலத்துல ஹாலோ பாயிண்ட் தோட்டா, அதாவது முனைல குழி இருந்து உள்ள போனதும் விரியறது, நல்லா முன்னேறிடுச்சு, உதைப்பு கம்மிங்கறதால ரெண்டாவது குண்டும் குறி தப்பாம போகுது. அவங்க டெஸ்ட்ல சதைக்குப் பதிலா வைக்கிற ஜெலட்டின் கட்டிக்குள்ள 12லேர்ந்து 18 இன்ச் வரை போகணும்னு கணக்கு. பயிற்சிக்கு சாதாரண முழு உலோக உறை தோட்டா போதும், ஆனா வீட்டுக்குன்னு வைக்கிறது ஹாலோ பாயிண்ட்தான், ஏன்னா மத்தது ஆளைத் துளைச்சுக்கிட்டு அந்தப்பக்கமும் போயிடும். மெல்லிசு தடுப்புச் சுவரை ரெண்டுமே தாண்டும், அதனால எந்தச் சுவருக்குப் பின்னாடி யார் படுத்திருக்காங்கன்னு முன்கூட்டியே தெரிஞ்சு வைங்க. .22ங்கற சின்ன தோட்டா வேணாம். அதுல பத்த வைக்கிற மருந்து தோட்டாவோட விளிம்புக்குள்ள சுத்தி இருக்கும், எல்லா இடத்துலயும் சமமா பரவலைன்னா பின் தட்டியும் வெடிக்காது.

இப்போ கை. பிஸ்டல் சுடும்போது ஸ்லைடு பின்னாடி போகணும், அடிப்பாகம் அசையாம நிக்கணும். மணிக்கட்டு தளர்ந்து மொத்தமும் சேர்ந்து பின்னாடி போச்சுன்னா ஸ்லைடு முழுசா போகாது, காலி கூடு வெளியேற முடியாம வாசல்லயே செங்குத்தா நட்டுக்கிட்டு நிக்கும். "துப்பாக்கி சரியில்ல"ன்னு திருப்பிக் கொடுக்கறதுல பாதி இந்தக் கதைதான்னு நான் நினைக்கிறேன். வீட்ல வேற யாராவது அதை எடுக்க வேண்டி வரும்னா அவங்க கைல கொடுத்து ஸ்லைடை இழுக்கச் சொல்லிப் பாருங்க. வயசானவங்க, மூட்டு வலி இருக்கறவங்களால இழுக்க முடியலைன்னா, லேசா இழுக்கற மாதிரியே செஞ்ச ஷீல்டு ஈசட் மாதிரி மாடல் இருக்கு.

[திரையில்: மேகசின் அடியில மார்க்கர்ல 1, 2, 3ன்னு எழுதறது]

வாங்கின உடனே அலமாரில வச்சுட்டா அது பொருள்தான், நம்பகமான துப்பாக்கி இல்ல. மேகசின் ஒவ்வொண்ணுலயும் நம்பர் எழுதுங்க. பயிற்சித் தோட்டா ஒரு இருநூறு, அப்புறம் நீங்க வீட்ல வைக்கப்போற அதே பிராண்டு ஹாலோ பாயிண்ட் ஒரு அம்பதாவது சுடுங்க, விலை கொஞ்சம் வலிக்கும்தான். எங்க சிக்கிச்சு, எந்த நம்பர் மேகசின்ல சிக்கிச்சுன்னு குறிச்சு வைங்க. எப்பவும் 2ம் நம்பர்லயே சிக்குதுன்னா அதோட வாய் வளைஞ்சிருக்கலாம், இல்ல ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், துப்பாக்கியைத் திட்டாதீங்க, மேகசினைத் தூக்கிப் போடுங்க. ஒரு குண்டு மட்டும் வழக்கமான சத்தம் இல்லாம "புஸ்"ஸுன்னு போச்சா, அங்கயே நிறுத்துங்க, அடுத்ததை சுடவே கூடாது, குண்டு பேரலுக்குள்ளயே நின்னிருக்கும், பின்னாடி இன்னொண்ணு போனா பேரலே வெடிச்சுரும். காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு இல்லாம பயிற்சிக்குப் போகாதீங்க.

நல்லா ஓடற துப்பாக்கில வேற கம்பெனி ட்ரிகர், ஸ்பிரிங்னு மாத்தாதீங்க. எண்ணெய் ஸ்லைடு ஓடற தண்டவாளத்துல ஒரு சொட்டு போதும். நான் மாத்தச் சொல்றது ஒரு விஷயம்தான், முன்னாடி ஒரு லைட் மாட்டுங்க, தனியா ஒரு டார்ச்சும் வைங்க, ஏன்னா லைட்டோட சேர்த்து துப்பாக்கியையும் ஆள் மேல நீட்டிப் பார்க்கறது ஆபத்து. கதவுகிட்ட அசையறது தண்ணி குடிக்க எழுந்த உங்க பையனா இருக்கலாம்.

பூட்டு. தலையணைக்கு அடியில, பீரோ மேல, குழந்தைக்குத் தெரியாத இடம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. பட்டனை அழுத்தித் திறக்கற சின்ன பெட்டி வாங்கி சுவத்துலயோ கட்டில்லயோ போல்ட் போட்டு இறுக்குங்க. கைரேகைப் பூட்டு வேர்த்த விரலுக்கு சில நேரம் திறக்காது, அதனால எனக்கு பட்டன் பூட்டுதான் பிடிக்கும், பேட்டரியை மட்டும் மறக்காம மாத்தணும். வீட்ல யாராவது வாழ்க்கையே வெறுத்துப்போற மாதிரி பேசிட்டு இருந்தா துப்பாக்கி அந்த வீட்லயே இருக்கக்கூடாது, தற்காலிகமாவது வெளிய கொடுத்து வைங்க.

இன்னும் ஒண்ணு. தினமும் ராத்திரி தோட்டா ஏத்தி, காலைல இறக்கி, அதே தோட்டாவையே திரும்பத் திரும்ப ஏத்துவாங்க சிலர். ஒவ்வொரு தடவையும் ஸ்லைடு அறையறதுல குண்டு கூட்டுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா இறங்கும், உள்ள இடம் குறைஞ்சா வெடிக்கும்போது அழுத்தம் எக்கச்சக்கமா ஏறும். புது தோட்டா ஒண்ணைப் பக்கத்துல நிக்க வச்சுப் பாருங்க, பழசு குள்ளமா தெரிஞ்சா அதை திரும்ப ஏத்தாதீங்க.