ஆறு விட்டுச் சென்ற கோட்டை

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

பாலாற்றங்கரையில் பிறந்து வளர்ந்த நமக்கு ஆறு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது மணல்தான். அந்த மணலில் ஊற்றுத் தோண்டி, தண்ணீர் சுரந்து தெளியும்வரை குடத்தோடு காத்திருந்த பிள்ளைப்பருவம் என்னுடையது. குஜராத்தின் கட்ச் பாலையில், பாகிஸ்தான் எல்லையை ஒட்டி நிற்கும் லக்பத் கோட்டையைப் பார்த்தே ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு அதுவே காரணம். ஓர் ஆற்றை இழந்த ஊர் அது.

என்னை அழைத்துச் சென்றவர் என் பெரியப்பா மகன். வீட்டுக்கு ஒருவரையேனும் படைக்கு அனுப்பும் ஊர் என்று பெயர் பெற்ற கம்மவான்பேட்டைக்காரர். எல்லைப் பாதுகாப்புப் படையில் சேர்ந்து, கட்ச் எல்லையில் சில ஆண்டுகள் காவல் நின்றவர். காட்பாடியில் ரயில் ஏறி, வழியில் வண்டி மாறி, 2001 ஜனவரி 26 அன்று நிலநடுக்கத்தில் இடிந்து பின் எழுந்து நின்ற புஜ் நகரை அடைந்தோம்.

புஜ் நகருக்கு வடக்கே வெண்பாலையில் ஓர் இரவு தங்கினோம். மழைக்காலத்தில் கடல்நீரும் மழைநீரும் கலந்து நிற்கும் தாழ்வான நிலம் அது; நீர் வற்ற வற்ற உப்பு மேலே படிந்து, பனிக்காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெளுத்துவிடுகிறது. கோடையில் நம் ஏரிகளின் வண்டல் பாளம் பாளமாக வெடிப்பதைப் போல, அங்கே உப்பு வெடித்துக் கிடக்கிறது. நிலவு ஏறியபின் தரை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

புஜிலிருந்து ஏறக்குறைய 135 கிலோமீட்டர் பயணம் செய்தால் லக்பத் வருகிறது. 1801-ல் பதே முகம்மது என்ற படைத்தலைவர் எழுப்பிய மதில் சுமார் ஏழு கிலோமீட்டர் சுற்றளவில் இன்னமும் உறுதியாக நிற்கிறது. வேலூர்க் கோட்டையின் மதிலை அகழி நீரோடும் ஊர்க் கூட்டத்தோடும் சேர்த்தே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அவ்வளவு பெரிய மதிலுக்குள் சில வீடுகளும், முட்புதர்களும், ஒரு சூஃபி ஞானியின் கல்லறையும், குருநானக் தங்கிச் சென்றதாகப் போற்றப்படும் குருத்வாராவும் மட்டுமே இருப்பதை ஏற்றுக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

அந்த மதிலுக்கு வெளியே ஒரு காலத்தில் சிந்து நதியின் கிளை ஒன்று ஓடிவந்து கடலில் கலந்தது. கப்பல்கள் வந்து நின்றன. சுற்றுவட்டாரத்தில் நெல் விளைந்தது. கிச்சிலிச் சம்பா விளைந்த ஆற்காட்டுக்காரர்களாகிய நாம் நெல் என்ற அந்த ஒரு சொல்லிலேயே இழப்பின் அளவைப் புரிந்துகொள்வோம். முதலில் நீரை மறித்தது மனிதக் கைதான். 1762-ல் கட்ச் மீது படையெடுத்த சிந்து நாட்டு ஆட்சியாளர் குலாம் ஷா கல்ஹோரா, மேலே ஆற்றின் குறுக்கே கரை எழுப்பி வயல்களைக் காயவைத்தார். பிறகு 1819 ஜூன் 16 அன்று பூமி நடுங்கியது. வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் மேடாக உயர்ந்தது. சில இடங்களில் ஆறு மீட்டர் உயரம். அதன் தெற்கே நிலம் தாழ்ந்து கடல்நீர் புகுந்தது. சிந்திரி என்ற சிறு கோட்டை நீரில் அமிழ்ந்தது; அதன் கோபுரத்தில் ஏறி நின்றவர்களை மறுநாள் படகில் மீட்டார்கள். மனிதர் கட்டிய கரைகளிலிருந்து பிரித்துச் சொல்வதற்காக, உயர்ந்த அந்த மேட்டுக்கு அல்லா பந்து, அதாவது இறைவன் கட்டிய கரை, என்று மக்கள் பெயரிட்டார்கள். ஏரிக்கரைகளோடு வாழ்ந்த நம் முன்னோர்களும் இப்படித்தான் பெயரிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

1826-ல் சிந்துவில் பெருவெள்ளம் வந்தது. மனிதர் கட்டிய கரைகளை உடைத்து, அல்லா பந்தையும் அறுத்துக்கொண்டு நன்னீர் மறுபடியும் தெற்கே பாய்ந்தது. மறு ஆண்டே அங்கு வந்த அலெக்சாண்டர் பர்ன்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அதைப் பதிவு செய்திருக்கிறார். இதை அறிந்தபோது 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரண்டு வந்ததும், பாலத்தில் நின்று ஊரே வேடிக்கை பார்த்ததும் என் நினைவுக்கு வந்தன. லக்பத்துக்கு வந்த அந்த நீர் நிலைக்கவில்லை. வணிகர்கள் போனார்கள், அவர்களைத் தொடர்ந்து மற்றவர்களும் போனார்கள்.

நீர் போன இடத்தில் எல்லைச் சிக்கல் வந்தது. ரண் என்று அழைக்கப்படும் இந்த உப்பு நிலம் உள்நாட்டுக் கடலைப் போன்றது, ஆகவே அதன் நடுவே எல்லைக்கோடு செல்லவேண்டும் என்றது பாகிஸ்தான். அது சதுப்பு நிலம், முழுவதும் எங்களுடையது என்றது இந்தியா. 1965 ஏப்ரல் 9 அன்று சர்தார் காவல் நிலையைத் தாக்கிய பாகிஸ்தான் படையை நம் மத்திய ரிசர்வ் போலீசார் எதிர்த்து நின்றார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று எல்லைப் பாதுகாப்புப் படை அமைக்கப்பட்டது. 1968 பிப்ரவரியில் பன்னாட்டுத் தீர்ப்பாயம் வழக்குக்குரிய நிலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவைப் பாகிஸ்தானுக்கும் மற்றதை இந்தியாவுக்கும் வழங்கியது.

நேயர்களில் எவரேனும் செல்வதானால் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் செல்லுங்கள். வெண்பாலைக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அடையாள அட்டையை மறவாதீர்கள். குருத்வாராவில் வருவோர் அனைவருக்கும் உணவு உண்டு.

மாலையில் மதில்மேல் நின்றபோது, கீழே சேறும் உப்பும் படிந்த கோரி என்னும் உப்பங்கழி வெயிலில் மின்னியது. "தம்பி, எங்கள் காவல் நிலைக்குக் குடிதண்ணீர் லாரியில்தான் வரும். லாரி வராத நாளில் நம் ஊர் ஆற்றை நினைத்துக்கொள்வேன்" என்றார் அண்ணன். "நம் ஆற்றிலும்தான் தண்ணீர் இல்லையே" என்றேன். "தோண்டினால் வருமே" என்றார். இறங்கும் நேரமாகியும் அவர் வடமேற்கை நோக்கியே நின்றுகொண்டிருந்தார்.

வணக்கம்.